பவுடர் பூசிய எஞ்சின்

நின்றுகொண்டிருந்த காரின் ஸ்டியரிங்கை மாமா மெல்ல வலப்பக்கம் திருப்பினார். எங்கும் போகாத வண்டியை அவர் எங்கோ ஒடித்துத் திருப்பியதைப் பார்த்த அந்த நொடியில்தான் எனக்குத் தோன்றியது, இந்த எண்ணெய் ஒழுகலை நானே நிறுத்திவிட்டால் என்ன என்று.

மாமா என் கணவரின் அப்பா. காலைக் காபியை அவர் வீட்டுக்குள் குடிப்பதில்லை. ஆடுகோடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் கீழ்வீட்டுக்கு முன்னால், காம்பவுண்டுக்குள் நிற்கும் தன் பழைய காரில் ஏறி, டிரைவர் சீட்டில் சாய்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் குடிப்பார். அன்று நான் டம்ளரை ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருந்தபோது, மாடியில் இருக்கும் வீட்டு ஓனர் இறங்கி வந்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார். நல்ல மனிதர். கன்னடக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், இடையிடையே கன்னடம் தானாக வந்து கலந்துவிடும்.

"சார், தப்பா எடுத்துக்க பேடி, எடுத்துக்காதீங்க," என்றார். "தீபாவளி முடிஞ்ச உடனே முன்னாடி பூரா டைல்ஸ் போடறேன். வெள்ளை டைல்ஸ். வண்டி இப்படியே எண்ணெ விட்டுட்டு இருந்தா ஆகல்லா. எண்ணெ விழாதுன்னா இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல. இல்லன்னா வெளியே எங்கயாவது நிறுத்திக்கோங்க. இல்லாட்டி யாருக்காவது கொடுத்துடுங்க."

வெளியே நிறுத்த இடமில்லை என்பது அவருக்கும் தெரியும். எங்கள் தெருவில் இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தாலே ஒன்று பின்வாங்கியாக வேண்டும். மாமா சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். கார்மீது யாராவது சாய்ந்து நின்றாலே குரலை உயர்த்துகிறவர் அவர். ஆனால், "சரி சார். பழைய வண்டி வாங்கறவங்க யாராவது இருப்பாங்க. குடுத்துடலாம்," என்றார், முன்கண்ணாடியைப் பார்த்தபடியே. அப்போதுதான் கை அப்படித் திரும்பியது.

மாமாவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை போய்விட்டது. நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. உரசிக்கொண்டு போன பிறகுதான் ஒரு சைக்கிள் வந்ததே அவருக்குத் தெரியவரும். அதனால் ஓட்டுவதை விட்டார். பிறகு தெருவில் தனியாக நடப்பதையும் விட்டார். பெரிய தொழிற்சாலை ஒன்றின் டைம் ஆபீசில் உட்கார்ந்து, ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஊரையே விசாரித்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது வெளியுலகம் என்று மிச்சமிருந்தது அந்த டிரைவர் சீட்டு மட்டும்தான். அங்கே உட்கார்ந்தால் கேட்டைத் தாண்டிப் போகிறவர்கள் நேராகக் கண்ணில் படுவார்கள். பால்காரர், சர்ச்சுக்குப் போகும் பக்கத்து வீட்டு டீச்சர், எல்லோரும் "என்ன சார், எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். "மைசூர்," என்பார். மறுநாள் "ஊட்டி" என்பார். பேட்டரிக்கு நல்லது என்று கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு, அணைத்துவிட்டு, உள்ளே வருவார். கார் போய்விட்டால் அவர் உள்ளறைக் கட்டிலோடு நின்றுவிடுவார். இது எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"அங்கிள், தீபாவளிக்குள்ள நிறுத்திடறேன்," என்று ஓனரிடம் என் வாய் முந்திக்கொண்டது.

"யாரு, நீயா? நீ கம்ப்யூட்டர் இஞ்சினியர் அல்லவா?"

"டெஸ்டர் அங்கிள். எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கறதுதான் என் வேலையே."

அவர் சிரித்துக்கொண்டே மாடியேறினார். மாமா சிரிக்கவில்லை. "வாய விட்டுட்டியேம்மா," என்றார். காபியை முழுதும் குடிக்காமல் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

அதுவரை நான் அந்தக் காரின் பானெட்டைத் திறந்து பார்த்தது கிடையாது. மாமாவும் அதிகம் திறந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வட்ட விளக்கும் வளைந்த பம்பரும் உள்ள இந்த வண்டியை என் கணவர் பிறப்பதற்கு முன்பே செகண்ட் ஹாண்டில் வாங்கியிருக்கிறார். துடைப்பார், மெருகேற்றுவார், ஓட்டுவார். உள்ளே ஏதாவது சத்தம் வந்தால் ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். வழக்கமான ஒர்க் ஷாப்காரர் ஓசூர் பக்கம் போய்விட்டார். மற்ற இடங்களில் விசாரித்தால், எஞ்சினை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். விட்டுவிட்டு வர மாமா சம்மதிக்கவில்லை. ஆக, நான்தான்.

என் கணவர் சென்னையில் ஒரு புராஜெக்டில் இருக்கிறார், எப்போதாவது ஒரு வாரக் கடைசியில் வந்துபோவார். போனில் சொன்னேன். "கீபோர்டு கத்துக்கிட்டே. அப்புறம் மொட்டமாடியில தக்காளி. அப்புறம் ஜப்பானிய மொழி. இப்ப எங்கப்பா வண்டியா?" என்றார்.

"தக்காளி காய்ச்சுதுல்ல?"

"ரெண்டு," என்றார்.

பானெட்டைத் தூக்கியதும் என் உற்சாகம் பாதியாகிவிட்டது. எங்கே ஒழுகுகிறது என்று கேட்கவே முடியாத நிலை. எஞ்சின் முழுக்க ஒரே கறுப்பு. அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேனைப் பல வருஷம் துடைக்காமல் விட்டால் எப்படிப் பிசுபிசுப்பாக இருக்குமோ அப்படி. வீடியோக்களில் வரும் எஞ்சின்கள் எல்லாம் கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருக்கின்றன. அவர்கள் "இதோ இங்கே" என்று விரலை வைத்துக் காட்டுகிறார்கள். எனக்கு விரலை எங்கே வைத்தாலும் எண்ணெய்தான்.

பொறுமையாக யோசித்திருக்க வேண்டும். நான் ஸ்பேனரை எடுத்தேன். ஒழுகுகிறது என்றால் லூசாக இருக்கிறது, லூசாக இருந்தால் இறுக்க வேண்டும், அவ்வளவுதானே. எஞ்சின் தலையில் தகரத் தொப்பி மாதிரி ஒரு மூடி உண்டு, டாப்பெட் கவர் என்பார்கள். அதன் நட்டுகளை என் பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருப்பது கார்க் பட்டை. பேக்கிங் என்று பெயர். அது லேசான அழுத்தத்தில்தான் சரியாக உட்காரும். நான் போட்ட முறுக்கில் பிதுங்கி, ஓரத்தில் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. மறுநாள் காலை, காரின் அடியில் நான் போட்டுவைத்திருந்த அட்டையை அத்தை வெளியே இழுத்துப் பார்த்தார்.

"முன்ன சொட்டுச்சு," என்றார். "இப்ப ஊத்துது. நல்லா முன்னேறிட்டு வர."

"கிண்டல் பண்ணாதீங்க அத்தை."

"கிண்டல் பண்ணல கண்ணு. முதல்ல கழுவு. கழுவாத பாத்திரத்துல ஓட்டை எங்கன்னு எவளுக்குத் தெரியும்?"

வீடியோக்களும் அதையேதான் சொல்லியிருந்தன. நான் அந்தப் பகுதியைத் தள்ளி ஓட்டிவிட்டுப் பார்த்திருந்தேன். சனிக்கிழமை அத்தை தன் பழைய நைட்டியின்மேல் என் கணவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மண்ணெண்ணெய்க்கு எங்கெங்கோ அலைந்து, கிடைக்காமல், டீசலும் பிரஷும் வாங்கி வந்திருந்தேன். அத்தை மேல்பக்கம், நான் அடிப்பக்கம். பாத்திரத்தின் விளிம்பைத் தேய்க்கிறமாதிரி ஒவ்வொரு மடிப்பிலும் பிரஷை நுழைத்து அவர் தேய்த்த விதத்தைப் பார்த்து நானும் பிரஷைப் பிடிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். திங்கட்கிழமையும் அது முடியவில்லை. அன்று எனக்கு வீட்டிலிருந்து வேலை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, மீட்டிங்கைக் கேட்டபடியே காருக்கு அடியில் படுத்திருந்தேன். மைக்கை அணைத்துவிட்டதாகத்தான் நினைப்பு. "அந்தப் பக்கம் இன்னும் கருப்பா இருக்கு பாரு, நல்லா அழுத்தித் தேய்" என்று அத்தை சொன்னது எங்கள் டீம் முழுக்கக் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆபீசில் யார் எந்த வேலையைக் கொடுத்தாலும் முடிவில் "நல்லா அழுத்தித் தேய்" என்றுதான் சேர்த்துச் சொன்னார்கள்.

எஞ்சின் சுத்தமானதும் அதன் உண்மையான நிறம் தெரிந்தது. மங்கலான பச்சை. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய், நேராக வைத்து, இங்கும் அங்குமாகத் தலையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "பச்சையா? இத்தன வருஷம் கருப்புன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்," என்றார்.

அடுத்தது பவுடர். சுத்தமான எஞ்சின்மேல் வெள்ளைப் பவுடரைத் தூவிவிட்டு ஓடவிட்டால், எண்ணெய் கசியும் இடம் ஈரமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொன்னதுமே அத்தை உள்ளே போய்க் கோலமாவு டப்பாவோடு வந்தார்.

"ஐயோ, அது கல்லுமாவு அத்தை. உள்ள ஒரு பொடி போனாலும் எஞ்சின் தேஞ்சிடும். முகத்துக்குப் போடற பவுடர்தான் வேணும்."

வீட்டில் முகத்துக்குப் பவுடர் போடுகிறவர் மாமா ஒருவர்தான். அவருடைய டப்பா காலியானது. அத்தை அதை அடித்துக் கொட்டவில்லை. உள்ளங்கையில் வைத்து, குழந்தையைக் குளிப்பாட்டிப் பூசுகிறமாதிரி, ஊதி ஊதித் தூவினார். சந்தன வாசனையோடு எஞ்சின் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. மாமா சாவியைத் திருப்பினார். "லேசா ஆக்சிலரேட்டர் குடுங்க மாமா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவர்போல, நிமிர்ந்து உட்கார்ந்து காலை அழுத்தினார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த எஞ்சின் அவருடைய காலுக்காகக் குரலை ஏற்றி இறக்கியது. கேட்டுக்கு வெளியே யாரோ "என்ன சார், ஊட்டியா?" என்று கேட்டார்கள். "எஞ்சினுக்கு மேக்கப் நடக்குதுய்யா!" என்று இவர் கத்தினார்.

பவுடர் காட்டிக்கொடுத்தது. ஆனால் ஒரு இடத்தை மட்டும் அல்ல. டாப்பெட் கவரைச் சுற்றி ஈரம். முன்பக்க மூடியில் ஈரம். அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியின் விளிம்பு முழுக்க ஈரம். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி நுழையும் ஓட்டையில்கூடக் குமிழ் விட்டுக்கொண்டு வந்தது.

சரி, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். நீலசந்திரா பக்கம் ஒரு சந்தில் பேக்கிங் வெட்டித்தரும் கடை இருக்கிறது. கழற்றிய மூடியைக் கொண்டுபோனால், கார்க் ஷீட்டின்மேல் வைத்து, விளிம்பைச் சுற்றிச் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டியே அச்சாக வெட்டிக் கொடுக்கிறார்கள். அடித்தொட்டிக்கும் அப்படியே. இந்த முறை முறுக்கவில்லை. ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை என்று மாற்றி மாற்றி, விரல் பலத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நிறுத்தினேன். என் பொறுமையைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மறுபடி துடைத்து, மறுபடி பவுடர் (இது நான் வாங்கிய புது டப்பா), மறுபடி மாமாவின் கால்.

மறுபடியும் அதே இடங்களில் ஈரம். புதுப் பேக்கிங்கின் வழியாகவும்.

மாமா எஞ்சினை அணைத்தார். யாரும் சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. "விடும்மா," என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீ பண்ண வேண்டியதுக்கு மேலயே பண்ணிட்ட. கல்யாண போட்டோ எடுக்கறதுக்குப் பழைய கார் வாடகைக்கு விடறவர் ஒருத்தர் இருக்கார். ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்னார். நல்லா வெச்சிப்பார்."

எப்போது பேசினார், யார் நம்பரைத் தேடிக் கொடுத்தார்கள், ஒன்றும் தெரியாது. அத்தை பிரஷைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பாத்திரங்களை எடுத்துவைக்கும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

அன்று முழுக்க ஆபீஸ் வேலையில் மனம் ஓடவில்லை. மாலையில் ஒரு சாப்ட்வேரின் பிழைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அடிக்கடி சொல்லும் ஒன்று எனக்கே திரும்பி வந்தது. ஒரே சமயத்தில் எல்லாப் பக்கங்களும் உடைந்தால், எல்லாப் பக்கங்களையும் திருத்தப் போகாதே. எல்லாவற்றுக்கும் பின்னால் பொதுவாக இருப்பது எது என்று பார். புதுக் கார்க், பழைய கார்க், கார்க்கே இல்லாத கம்பி ஓட்டை, மூன்றிலும் எண்ணெய் வருகிறது என்றால் கோளாறு கார்க்கில் இல்லை. உள்ளேயிருந்து ஏதோ தள்ளுகிறது.

மறுநாள் காலை, மாமா எஞ்சினை ஓடவிட்டிருந்தபோதே, எண்ணெய் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்தேன். புஸ்ஸென்று சூடான காற்று முகத்தில் அடித்தது. விட்டு விட்டு, மூச்சிரைப்பு மாதிரி.

எஞ்சின் ஓடும்போது உள்ளே கொஞ்சம் காற்று கீழ்ப்பக்கம் இறங்கிச் சேரும். அது வெளியேறுவதற்கென்றே அந்தக் காலத்துக் கார்களில் ஒரு குழாய் வைத்திருப்பார்கள். எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து கிளம்பி, கீழே இறங்கி, வண்டியின் அடியில் வாய் திறந்தபடி முடியும். பிரீதர் குழாய். காற்றோடு கொஞ்சம் எண்ணெயும் அதில் வந்து சொட்டுவது சகஜம். இந்தக் குழாயை நான் கழுவும்போதே பார்த்திருந்தேன். அதன் நுனியில் கறுப்பாக உருண்டையாக ஒன்று இருந்தது. ரப்பர் மூடி போலிருக்கிறது, கம்பெனியே போட்டது என்று நினைத்துத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

"மாமா, ஆஃப் பண்ணுங்க," என்று கத்திவிட்டு, குறடை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன். அந்த உருண்டையைப் பிடித்துத் திருகி இழுத்தேன். கெட்டியாக வந்தது. ரப்பர் இல்லை. துணி. இறுகச் சுருட்டி, நூலால் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்ட துணி. வெளிப்பக்கம் தார் மாதிரி ஆகிவிட்டிருந்தது. மடிப்பைப் பிரித்தால் உள்ளே வெளிர்ப் பச்சை, சின்னச் சின்ன மஞ்சள் பூ. அதே துணியின் இன்னொரு பாதி எங்கள் சமையலறையில் கரித்துணியாகத் தொங்குகிறது.

நான் வெளியே வந்தபோது அத்தை எதிரே நின்றுகொண்டிருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அத எதுக்குப் புடுங்கின? அந்த ஒரு எடந்தான் உருப்படியா நின்னுச்சு!"

"நீங்க வெச்சதா அத்தை?"

காரின் முன்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசு. போன மழைக்காலத்துல ஓனரம்மா வந்து, எண்ணெயில கால் வழுக்குதுன்னு ஒரு மாதிரி சொல்லிட்டுப் போச்சு. இவருக்குச் சொன்னா மனசு விட்டுருவாரு. அப்பதான் கண்ணு வேற மோசமாயிருந்துச்சு. மத்தியானம் அவர் தூங்கறப்ப அடியில பூந்து பாத்தேன். அந்தக் கொழாயிலருந்துதான் ஒண்ணொண்ணா விழுந்துட்டிருந்துச்சு. ஒழுகற வாய அடைச்சா நின்னுடும்ல? பாத்ரூம் கொழாய்க்குப் பண்ணினோம்ல, அந்த மாதிரி. மறுநாள் பாத்தேன், அந்த எடத்துல ஒரு சொட்டு இல்ல. வேற எடத்துல வந்தது வேற கோளாறுன்னு இருந்தேன்."

"அத்தை, குக்கர் விசில் ஓட்டையில துணிய அடைச்சுட்டு அடுப்ப எரியவிட்டா என்ன ஆகும்?"

"கேஸ்கட் பக்கமெல்லாம் பீச்சிக்கிட்டு…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கை வாய்க்குப் போனது. டீசல் பட்ட கை. "அடக் கடவுளே. அப்ப நாந்தானா?"

"இல்ல அத்தை, அப்படி இல்ல…"

"மாமாகிட்டச் சொல்லிடாத."

"ஏய்," என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது. கண்ணாடி வழக்கம்போல் இறக்கித்தான் இருந்தது. "அடியில பூந்தியா நீ? அந்த முட்டிய வெச்சிக்கிட்டா?"

அத்தைக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது, பூண்டு உரிப்பதுகூட நாற்காலியில்தான்.

"எப்படி எழுந்த?"

"உருண்டு வெளிய வந்து, பம்பரப் புடிச்சு எழுந்தேன்."

"அதானே பாத்தேன். அந்தப் பக்கம் பம்பர் ஏன் தொங்குதுன்னு."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலும் ஏதோ வந்தது, புறங்கையால் துடைத்து அங்கேயும் கறுப்பாக்கிக்கொண்டார். மாமா கதவைத் திறந்து இறங்கினார். காரின்மேல் கையை ஊன்றி ஊன்றி நடந்து வந்து, என்னிடமிருந்து அந்தத் துணியை வாங்கி, நூலை விரலால் தடவினார். "எத்தன முடிச்சுடி போட்டிருக்க," என்றார். துணியை என்னிடம் திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை. அந்தக் கறை இன்னும் போகவில்லை.

குழாயைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. அது பழையபடி சொட்டும், டைல்ஸ் வீணாகும். குழாயின் வாயில் ஒரு ரப்பர் ஓஸைச் செருகி, அதன் மறுமுனையை ஒரு பாட்டிலில் விட்டால் எண்ணெய் அதில் சேரும், காற்று போய்விடும். பாட்டில் என்றதும் அத்தை உள்ளே போய்க் காலி ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக், அகல வாய். மூடியில் ஓஸ் நுழைய ஒரு ஓட்டையைச் சூடான திருப்புளியால் போட்டேன். அத்தை அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு மூச்சு விட எங்க ஓட்டை?" என்றார்.

மறந்தே போயிருந்தேன். இன்னொன்று போட்டேன். எஞ்சின் பக்கத்தில் கிளிப் வைத்துப் பாட்டிலைக் கட்டி, எல்லாவற்றையும் துடைத்து, மூன்றாம் முறையாகப் பவுடர். மாமா அழுத்திய அழுத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. டாப்பெட் கவர் வெள்ளையாகவே இருந்தது. அடித்தொட்டி விளிம்பும் வெள்ளை. கம்பி ஓட்டையைச் சுற்றிப் பவுடர் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார்.

வெள்ளைச் சார்ட் பேப்பரை அடியில் விரித்துவைத்தோம். காலையில் எடுத்தபோது முன்பக்கம் முழுக்கக் காய்ந்திருந்தது. பின்னால், எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர்கீழே மட்டும் ஒரு சொட்டு. ஒன்றே ஒன்று. எனக்கு அழுகையே வந்தது. நான் ஓனரிடம் கொடுத்த வாக்கு அந்த ஒரு சொட்டும் சேர்த்துத்தான்.

அவர் வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஒந்து சொட்டு இருக்கே மா."

"இருக்கு அங்கிள். பின்பக்க ஆயில் சீல். அத மாத்த கியர் பாக்ஸையே இறக்கணும். அதுக்கு இன்னும் கொஞ்சம் டைம் வேணும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என் முழங்கை வரைக்கும் ஏறியிருந்த கறுப்பைப் பார்த்தார், அத்தையின் கையையும் பார்த்தார். "இரும்பு ட்ரே ஒண்ணு கீழ வெச்சிடுங்க. டைல்ஸ் மேல விழக்கூடாது, அஷ்டே, அவ்வளவுதான்," என்றார். "வண்டி இருக்கட்டும். சார் இங்க உக்காந்திருந்தா எனக்கும் கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன் இருக்கறமாதிரி."

"சம்பளம் குடுங்க," என்றார் மாமா உள்ளேயிருந்து. அப்புறம் போனை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, போட்டோ கார்க்காரரைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம வர வேணாம் சார். வீட்ல ரெண்டு பொம்பளைங்க வண்டிய விட மாட்டேங்கறாங்க."

இதோடு முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். மாடிப்படியில் பாதி ஏறிய ஓனர் நின்று திரும்பினார். டைல்ஸ் போடும்போது வண்டி அங்கே நிற்க முடியாதல்லவா, சிமெண்ட் காய வேண்டுமே, ஒரு வாரத்துக்காவது வேறெங்காவது கொண்டுபோக வேண்டும் என்றார். அத்தையின் தம்பிக்கு ஆனேக்கல்லில் வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் காலி இடம் இருக்கிறது. கொண்டுபோகலாம். ஓட்டுவது யார்?

என் கணவர் வேண்டுமானால் வருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் ஓட்டியதெல்லாம் புதுக் கார்கள். இந்த வண்டியில் கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே கைக்கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். மேலே கீழே, உள்ளே வெளியே என்று அதற்கு ஒரு கணக்கு. பிரேக்கை மிதித்தால் உடனே நிற்காது, யோசித்துவிட்டுத்தான் நிற்கும். இதை வைத்துக்கொண்டு மடிவாளா சிக்னலைத் தாண்டி, ஓசூர் ரோட்டில் லாரிகளோடு போய், சந்தாபுராவில் திரும்ப வேண்டும்.

மாமா இடதுபக்கச் சீட்டில் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. கண் போன பிறகு யார் ஓட்டுகிறேன் என்றாலும், அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு போவதற்குப் பேசாமல் வீட்டிலேயே இருக்கலாம் என்பார். கேட்கலாமா வேண்டாமா என்று நானும் அத்தையும் சமையலறையில் குசுகுசுத்துக்கொண்டிருந்தோம். நேற்றுக் காலை காபி கொண்டுபோனபோது டிரைவர் சீட் காலியாக இருந்தது. மாமா இடதுபக்கம் உட்கார்ந்து, சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் கால் நீட்ட எடம் ஜாஸ்தியா இருக்கும்மா," என்றார். "ஆனா ஒண்ணு. ஹார்ன் நாந்தான் அடிப்பேன்."

தீபாவளி முடிந்த சனிக்கிழமை, லாரிகள் குறைவாக இருக்கும் விடிகாலையில் கிளம்புவதாகத் திட்டம். அத்தை பின்சீட்டில், மடியில் சார்ட் பேப்பரோடு. நின்றபடி ஓடும் எஞ்சின் ஒழுகாமல் இருப்பது ஒரு சோதனை, சூடேறி ஓசூர் ரோட்டில் ஓடிய எஞ்சின் ஒழுகாமல் இருப்பது வேறு சோதனை. ஆனேக்கல் போய் நிறுத்தியதும் அடியில் விரித்துப் பார்த்தால்தான் அந்தப் பின்பக்கச் சீலைப் பிரித்தாக வேண்டுமா என்பது தெரியும். பிரித்தாக வேண்டும் என்றுதான் என் மனம் சொல்கிறது, அதற்கான வீடியோக்களை இப்போதே பார்க்க ஆரம்பித்துவிட்டேன், இந்தத் தடவை எதையும் தள்ளி ஓட்டாமல். அதற்கு முன்னால், கேட்டைத் தாண்டியதும் எங்கள் குறுகிய தெருவில் ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் வண்டியைத் திருப்பியாக வேண்டும். ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம் விழுகிறது என்று இன்று சாயங்காலம் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கப் போகிறேன்.